உரித்த பூண்டு

“கவிதை ஒண்ணு போடட்டுமா சார், சூடா?”

கேட்டவன் ஆக்னல். கொடைக்கானல் ஏரிக்கரையில், சைக்கிள் வாடகைக்கு விடும் இடத்துக்கும் மசாலா சோளம் விற்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் அவன் கடை. வாசலில் ‘உடனடிக் கவிதை’ என்று பலகை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு பிரிண்டர். பெயர், ஊர், விசேஷம் இவ்வளவும் சொன்னால் போதும், பூப்போட்ட அட்டையில் கவிதை வந்து விழும்.

விழுந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தேன். நிஜமாகவே சூடாகத்தான் இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? நான் திருமலைச்சாமி. பழனி அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ‘தேவசேனா துப்பறியும் நிலைய’த்தின் உதவியாளன். அது இப்போதைய பிழைப்பு. அதற்கு முன்னால் கல்யாண வாழ்த்துமடல் எழுதிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சேக்காளிகள் கூட்டமாக மேடையேறி, பிரேம் போட்டுக் கொடுத்துவிட்டு போட்டோவுக்குப் பல்லைக் காட்டுவார்களே, அந்தக் கவிதை. பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் எதுகை மோனையில் கோத்துக் கொடுக்க அந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இப்போது பயல்கள் போனிடமே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மண்டபத்து வாசலில் என்னைப் பார்த்தால் வணக்கம் மட்டும் வைக்கிறார்கள்.

“அண்ணே, மூஞ்சியை அப்படி வச்சுக்காதீங்க. கடைக்காரர் பயந்துக்கப் போறாரு” என்றார் மேடம். மேடம் என்றால் தேவசேனா. வயதில் எனக்குச் சின்னவர், மூளையில் பெரியவர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை மேடம் என்பேன். இந்த ஏற்பாட்டில் இதுவரை சண்டை வந்ததில்லை.

நாங்கள் மலையேறியது ஜோசப்பின் டீச்சருக்காக. கொடைக்கானலில் மிஷன்காரர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி ஒன்றில் அவர் தமிழாசிரியை. திண்டுக்கல் இலக்கிய மன்றம் ஒன்று நடத்திய போட்டியில் அவருடைய கவிதைக்கு முதல் பரிசு கிடைத்தது. பேப்பரிலும் வந்தது.

*விதைப்பூண்டை உரித்து*
*அடுப்புக்கு மேலே கட்டினாள் அம்மா.*
*புகையெல்லாம் அதற்கு.*
*கண்ணீரெல்லாம் எங்களுக்கு.*

‘உரித்து’ என்ற அந்த ஒரு சொல்லுக்கே பரிசு தகும் என்று நடுவர்கள் மேடையில் உருகினார்கள். பிள்ளைகளுக்காகத் தன் தோலை உரித்துப் புகைக்குக் கொடுத்தவள் தாய் என்று விளக்கம் வேறு. முன்வரிசையில் கர்ச்சீப்பை எடுக்காத ஆள் இல்லையாம்.

அடுத்த வாரமே மதுரைக்காரப் பெண் ஒருத்தி தன் போனில் இருந்த ஒரு படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பினாள். போன சீசனில் இதே ஆக்னல் கடையில் தன் மாமியார் பிறந்தநாளுக்கு வாங்கிய அட்டை அது. ‘விதைப்பூண்டை உரித்து அடுப்புக்கு மேலே கட்டினார் மாமியார். புகையெல்லாம் அதற்கு. புன்னகையெல்லாம் நமக்கு.’

டீச்சர் போட்டிக்கு அனுப்பியது இந்த வருஷம். அட்டை அதற்கும் முந்தியது. அப்புறம் என்ன, மிஷினிடம் எழுதி வாங்கிப் பரிசு வாங்கிவிட்டாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. பரிசை நிறுத்தி வைத்தார்கள். பிள்ளைகளிடம் காப்பி அடிக்காதே என்று சொல்ல வேண்டியவரே இப்படிச் செய்யலாமா என்று பள்ளி நிர்வாகம் அவரை இன்று சாயங்காலம் விசாரிக்கப்போகிறது. பதில் சரியில்லை என்றால் வேலை போய்விடும்.

நேற்று எங்கள் மாடிப்படி ஏறி வந்தபோது ஜோசப்பின் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்த முகம்.

“நான் பேனா எடுத்து எழுதுறவ இல்ல மேடம். பேனாவ எடுத்தா வந்ததும் ஓடிப்போயிடும். பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது வாய்ல வர்றத போன்ல பேசித் தங்கச்சிக்கு அனுப்புவேன். அவ டைப் பண்ணி வச்சுக்குவா. இந்தக் கவிதை போன சீசனுக்கும் முந்தி, எங்கம்மா இறந்த மாசத்துல சொன்னது. அந்த மாசம் பூராவும் எனக்குத் தூக்க மாத்திரைதான். என்ன பேசுனேன், யார்கிட்ட பேசுனேன், எதுவும் ஞாபகம் இல்ல. ஆனா இது என்னோடது. வேலை போனாப் போகட்டும். நான் எழுதலைன்னு மட்டும் யாரும் சொல்லக்கூடாது.”

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மேடம் அட்வான்ஸ்கூட வாங்கவில்லை. கிளம்புங்கண்ணே என்றார்.

“ஆக்னல், நான் சொல்றதை டைப் பண்ணுங்க” என்றார் மேடம் இப்போது. “பேரு ராஜமுருகன். தூத்துக்குடி உப்பளத்துல வேலை. ரிட்டயர் ஆகுறாரு.”

பிரிண்டர் கீச்சென்று கத்தியது. அட்டை வந்தது.

*அடுப்புக்கு மேலே புகையில்*
*தூங்குகிறது விதை உப்பு.*
*விதைக்கும் நாள் வரும் ராஜமுருகா,*
*அதுவரை எழுப்பாதே.*

“விதை உப்பா?” என்றேன். “உப்பை விதைச்சா என்னய்யா முளைக்கும்? ஊறுகாயா?”

“சார், கஸ்டமர்ஸ் யாரும் இதுவரை கம்ப்ளெயின்ட் பண்ணதில்ல” என்றான் ஆக்னல் கோபமாக.

“இன்னொண்ணு” என்றார் மேடம். “பேரு புவனா. சென்னையில உச்சி மாடி பிளாட். புதுமனை புகுவிழா.”

*புவனாவின் புது வீட்டில்*
*கேஸ் அடுப்புக்கு மேலே*
*கட்டித் தொங்குகிறது விதை மல்லிகை.*
*புகையே, அதைப் பார்த்துக்கொள்.*

“பால் காய்ச்சுன கையோட தீயணைப்பு வண்டிக்கும் சொல்லி வச்சிரணும் மேடம்.”

மேடம் சிரிக்கவில்லை. அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “அண்ணே, நல்லாப் பாருங்க. கடலைக் கேட்டாலும் மாடியைக் கேட்டாலும் இது சுத்திச் சுத்தி ஒரே அடுப்படிக்குத்தான் போகுது. இந்த மிஷினுக்கு ஒரு பொறந்த வீடு இருக்கு. ஆக்னல், விதையைப் புகையில கட்டுற பழக்கம் யாருது?”

“மேல்மலைப் பக்கம் மேடம். பூண்டு போடுற வீட்ல எல்லாம் அடுத்த வெள்ளாமைக்கு வேண்டிய விதையை அடுப்புக்கு மேல கட்டி விட்ருவாங்க. புகை பட்டாத்தான் கெடாம கெடக்கும்.”

“அந்தப் பழக்கம் இதுக்கு எப்படித் தெரியும்?”

ஆக்னல் தலையைச் சொறிந்தான். “சாப்ட்வேர் ஒரு கோயம்புத்தூர் கம்பெனியோடது மேடம். மிஷினுக்குத் தமிழ்க் கவிதை சொல்லிக் கொடுக்க ஆள் வேணும், வீட்ல இருந்தே ஒர்க்னு சொல்லி எங்க சர்ச் குரூப்ல மெசேஜ் வந்துச்சு. நான் ட்ரை பண்ணேன், ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த மலையில செலக்ட் ஆனது ஒரே ஆளு. மன்னவனூர் பிரின்ஸி.” கொஞ்சம் தயங்கினான். “ஜோசப்பின் டீச்சரோட தங்கச்சி.”

மலை ரோட்டில் எனக்குத் தலை சுற்றும். அதனால் காரை ஓட்டுவது மேடம், பேப்பர் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான். மன்னவனூர் போகிற வழியில் வளைவுக்கு வளைவு வயிறு ஒரு தடவை எழுந்து உட்கார்ந்தது. ஆனாலும் மனசு குளுகுளுவென்று இருந்தது. மிஷினைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோமே!

“திருட்டுப் பய மிஷினு” என்றேன். “அக்கா பாட்டைத் தங்கச்சி வழியாத் தின்னுட்டு, அக்காவையே திருடின்னு சொல்ல வச்சிருச்சு. இதை ஊருக்கெல்லாம் சொல்லணும் மேடம். எங்க ஆளுக வயித்துல அடிச்ச பயலுக்கு நல்லா வேணும்.”

“மிஷினுக்குத் திருடத் தெரியாதுண்ணே. யாரோ கொடுத்திருக்காங்க.”

“எப்படியோ, டீச்சர் தப்பிச்சாங்க.”

“அப்படித்தான் தெரியுது” என்றார். ஆனால் சந்தோஷமாகச் சொல்லவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு நல்ல சேதியை அனுபவிக்க விடமாட்டார் இந்த அம்மா.

பிரின்ஸியின் வீடு, அதாவது அக்கா தங்கை பிறந்து வளர்ந்த வீடு, கேரட் காட்டை ஒட்டி இருந்தது. புருஷன் காட்டில் இருந்தார். வாசலில் எங்களைப் பார்த்ததுமே அவள் முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் வாங்க என்று அடுப்படிக்கே கூட்டிப்போனாள், அங்கேதான் கதகதப்பு. விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே கம்பில் பூண்டுக்கட்டுகள் வரிசையாகத் தொங்கின, புகையில் கறுத்து, காய்ந்த தாளோடு. மூலையில் ஒரு ஸ்டூலில் லேப்டாப் இருந்தது.

“அக்காவுக்கு வேலை போயிருமா மேடம்?” என்றுதான் முதலில் கேட்டாள்.

“நீங்க உண்மையைச் சொன்னா போகாது. கம்பெனிக்கு நீங்க என்ன எழுதிக் கொடுத்தீங்க?”

முந்தானையால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். அப்புறம் பொலபொலவென்று கொட்டிவிட்டாள்.

“எனக்கு எங்கங்க கவிதை வரும்? வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானா எழுதிப் பாத்தேன், திருப்பி அனுப்பிட்டாங்க. அப்புறம் அக்கா போன்ல சொல்லி அனுப்புனதை டைப் பண்ணிப் போட்டேன். ரொம்ப நல்லாருக்கு, இன்னும் குடுங்கன்னாங்க. இருந்ததை எல்லாம் போட்டுட்டேன். போன்ல இடம் இல்லாம அக்கா பேசுனதை எல்லாம் அழிச்சிட்டேன், டைப் பண்ணதுதான் மிச்சம். அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கல மேடம். தப்புதான்.”

நான் தொடையில் தட்டினேன். “முடிஞ்சுது மேடம்! பாட்டு அக்காவோடது, கொடுத்தது தங்கச்சி, கக்குனது மிஷினு. இந்தப் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயி ஸ்கூல் நடத்துற சிஸ்டர் முன்னாடி நிறுத்துவோம். வெரசாக் கிளம்புனா வழியில சாப்பிட்டுக்கலாம். எனக்கு வயிறு இப்பத்தான் எடத்துக்கு வந்திருக்கு.”

“சாயங்காலத்துக்குள்ள போயிரலாங்க, நான் வர்றேன்” என்று பிரின்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் முகத்திலும் ரத்தம் திரும்பியிருந்தது.

மேடம் எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பூண்டுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பிரின்ஸி, எனக்கு ஒரு கட்டு கொடுப்பீங்களா? தொட்டியில விதைச்சுப் பாக்கணும்.”

“அதுக்கென்னங்க, எடுத்துட்டுப் போங்க.”

“உரிச்சுக் கட்டுனதா பாத்துக் கொடுங்க.”

பிரின்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உரிச்சதை யாராச்சும் கட்டுவாங்களா மேடம்? தோல் போனா அப்புறம் அது விதைக்கு ஆகாது, புகையில சுருண்டு போயிரும். தாளோட, தோலோட அப்படியே கட்டணும். இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!”

“உங்க அக்காவுக்கு?”

பிரின்ஸியின் சிரிப்பு அப்படியே நின்றது.

“அவங்களும் இந்த அடுப்படியிலதானே வளந்தாங்க” என்றார் மேடம் மெதுவாக. “விதைப்பூண்டை உரிச்சுக் கட்டுனாள் அம்மான்னு அவங்க வாய்ல எப்படி வரும்? மாத்திரை மயக்கத்துல பேரு மறக்கலாம், நாள் மறக்கலாம். பொறந்ததுலேருந்து பாத்த அடுப்படி மறக்குமா? பூண்டுன்னா உரிக்கணும்னு நெனைக்கிறவங்க, கடையில வாங்கித் திங்கிறவங்க. எங்கேயோ யாரோ எழுதுன சமையல் குறிப்பைப் படிச்சுப் படிச்சு, பூண்டுக்குப் பக்கத்துல உரிங்கிற சொல்லைப் போட்டுப் பழகுனது ஒண்ணு இருக்கு. உப்பை விதைச்ச அதே மிஷினுதான்.”

நான் அண்ணாந்து பூண்டுக்கட்டைப் பார்த்தேன். ஒன்றுகூட உரித்ததாக இல்லை.

பிரின்ஸி அடுப்புக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்மா போன பிறகு அக்கா பேசுறதையே விட்டுட்டா மேடம். கவிதையை மட்டும் சொல்லல, பேச்சையே. பள்ளிக்கூடத்துல போர்டைப் பாத்துட்டு நிப்பாளாம், பிள்ளைக பயந்து போயி பக்கத்து டீச்சரைக் கூப்பிடுமாம். சோறு தின்ன மாட்டா. எலும்பும் தோலுமா ஆயிட்டா. எனக்குப் பயம் வந்துருச்சு, அக்காவும் போயிருவாளோன்னு. அன்னைக்கு வேலை பாத்துக்கிட்டு இருக்கும்போது, இந்த மிஷினுக்குத்தான் அக்கா பேச்சு பூராவும் தெரியுமேன்னு தோணுச்சு. எங்கக்கா மாதிரி எங்கம்மாவைப் பத்தி ஒண்ணு எழுதுன்னேன். எழுதுச்சு. படிச்சிட்டு நான் அழுதேன். உரிச்சுங்கிறதை நான் கவனிக்கவே இல்ல, அழுகைதான் வந்துச்சு.”

“அக்காகிட்ட என்ன சொன்னீங்க?”

“அக்கா, அம்மா செத்த மாசம் நீ போன்ல சொன்னது இது, உனக்குத்தான் ஞாபகம் இல்ல, நான் டைப் பண்ணி வச்சிருந்தேன்னு சொல்லி அனுப்புனேன். படிச்சதும் போன் பண்ணி ஓன்னு அழுதா மேடம். அம்மா செத்ததுக்கப்புறம் அன்னைக்குத்தான் முதல் தடவையா அழுறா. மறுநாள் சோறு தின்னா. அப்புறம் நான் எப்படி நிறுத்துறது? ஒண்ணொண்ணா அனுப்பிக்கிட்டே இருந்தேன். போட்டிக்கு அனுப்புவான்னு நான் கனாக்கூடக் காணல.”

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். காலையிலிருந்து மிஷினைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்த அடுப்படியில் யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. ஒரு உயிரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது அந்தச் சனியன். என் வாழ்த்துமடல் எதுவும் யாரையும் சோறு தின்ன வைத்ததில்லை. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததில் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் பிரின்ஸி. நான் பேப்பர் பையை மடியில் வைத்துக்கொண்டு மேடத்திடம் கெஞ்சினேன்.

“சொல்ல வேண்டாம் மேடம். அக்கா பாட்டைத்தான் கொடுத்தேன்னு இந்தப் பிள்ளை சொல்லட்டும். அதுவும் பொய் இல்லையே! வேலை தங்கும், பரிசு தங்கும், அந்தம்மா உசுரும் தங்கும். யாருக்கு நஷ்டம்?”

“அவங்க வேலையைக் காப்பாத்தச் சொல்லி வரலைண்ணே. அது தன்னோடதுன்னு நிரூபிக்கச் சொல்லி வந்தாங்க. நான் போயி உங்களோடதுதான்னு சொன்னா அது பொய்.”

“பொய் சொன்னாத்தான் என்ன? நோயாளிகிட்ட டாக்டர் சொல்லலையா?”

“நான் டாக்டர் இல்லையே” என்றார். ஸ்டியரிங்கை வழக்கத்தைவிட இறுக்கிப் பிடித்திருந்தார். வழியில் சாப்பிடவும் இல்லை.

பள்ளிக்கூட வளாகத்தில், சைப்ரஸ் மரத்தடி பெஞ்சில் ஜோசப்பின் காத்திருந்தார். தங்கையைப் பார்த்ததும் எழுந்து வந்தார். மேடம் சுற்றி வளைக்கவில்லை. ஆக்னல் கடையில் தொடங்கி அடுப்படி வரைக்கும் நேராகச் சொல்லிவிட்டார். பிரின்ஸி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜோசப்பின் கையை உருவவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

“அந்தச் சொல்லு தப்புன்னு எனக்குத் தெரியும் மேடம்” என்றார் கடைசியில். “முதல் தடவை படிக்கும்போதே உறுத்துச்சு. எங்கம்மா உரிக்க மாட்டாங்களேன்னு நெனைச்சேன். அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அம்மா போன வேதனையில நான்தான் வேணும்னே அப்படிச் சொல்லியிருக்கேன், அம்மா உரிஞ்சு போனதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கேன்னு. அது புரிஞ்ச பிறகுதான் அழுகையே வந்துச்சு. அன்னைக்கு விழாவுல அத்தனை பேரும் அதுக்குத்தான் அழுதாங்க. அது வெறும் தப்பா மேடம்?”

மேடம் பதில் சொல்வதற்குள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார். ஜோசப்பின் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் வெளியே நின்றோம். நான் பழனி முருகன் இருக்கும் திக்கைப் பார்த்துக் கும்பிட்டேன். பிரின்ஸி மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

சீக்கிரமே கதவு திறந்தது.

“எல்லாத்தையும் சொல்லிட்டேன்” என்றார் ஜோசப்பின். “பரிசை நானே திருப்பிக் கொடுத்துடுறேன்னு சொன்னேன். என்மேல தப்பு இல்லையாம். நாளையிலேருந்து வழக்கம்போல கிளாஸுக்கு வரச் சொல்லிட்டாங்க. போனா என்ன, புதுசா ஒண்ணு எழுதுங்க டீச்சர், உங்களால முடியாதான்னு சிஸ்டர் தோள்ல தட்டிக் கொடுத்தாங்க.”

“அப்பாடா!” என்று நான் கத்தியே விட்டேன். பிரின்ஸி அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

ஜோசப்பின் அவளை மெதுவாக விலக்கினார். “பிரின்ஸி, ஒண்ணு மட்டும் சொல்லுடி. எங்கிட்ட இருக்கிற கவிதையில எதெல்லாம் நான் சொன்னது, எதெல்லாம் அது சொன்னது? பிரிச்சுக் கொடு. என்னோடதை மட்டும் வச்சுக்கிறேன்.”

பிரின்ஸி தலை குனிந்தாள்.

“அம்மாவைப் பத்தினதையெல்லாம் எடுத்துரலாம், அப்படித்தானே? அதுக்கு முந்தினது எல்லாம் நான் சொன்னதுதானே?”

“தெரியலக்கா.”

“என்னடி தெரியல?”

“அந்த வேலையே அப்படித்தாங்கா. நீ சொன்னதை நான் டைப் பண்ணுவேன். உடனே அது கொஞ்சம் மாத்தி இன்னொண்ணு காட்டும். ரெண்டுல எது நல்லாருக்குன்னு பாத்து அமுக்கணும். அமுக்குனதுதான் தங்கும், மத்தது போயிரும். சில நேரம் உன்னோடது நல்லாருக்கும். சில நேரம் அதோடது. அம்மா இருக்கிறப்பவே அப்படித்தான். உனக்குத் திருப்பி அனுப்புனது எல்லாம் தங்குனதுதான். நீயும் நல்லாருக்குடின்னு சொல்லுவ. கலந்து போச்சுக்கா. எனக்கே தெரியல.”

ஜோசப்பின் பெஞ்சில் உட்கார்ந்தார். கீழே பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து கட்டடத்தைப் பாதி மறைத்திருந்தது. எனக்கு அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார வேண்டும்போல் இருந்தது. உட்காரவில்லை.

அப்போது அவர் வாய் அசைந்தது. எங்களிடம் பேசவில்லை.

“அம்மா போன பிறகு, எங்க வீட்டுக்குள்ளேயே நான் கதவைத் தட்டிட்டுத்தான் போறேன்.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வாழ்த்துமடல் எழுதினாலும் நான் அந்த ஜாதிதானே, நல்ல வரி காதில் விழுந்தால் தெரியும். “டீச்சர்!” என்றேன். “வந்துருச்சு பாருங்க! யாரு இப்ப உங்களை என்ன சொல்ல முடியும்? எங்க முன்னாடி, உங்க வாய்லேருந்து வந்திருக்கு!”

ஜோசப்பின் சிரிக்கவில்லை. பயந்துபோய் இருந்தார். அந்தப் பயம் நேற்று எங்கள் மாடியில் இருந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

“வாய் என்னோடதுதாங்க” என்றார். “அது சொன்னதைத்தான் இத்தனை நாளா நான் பேசுனதா நெனைச்சுப் படிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். தினம் படிச்சேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மனப்பாடமே ஆயிருச்சு. இப்ப எனக்கு வர்றது எங்கம்மா கொடுத்ததா, அது கொடுத்ததா?” மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். “நீங்க துப்பறியிறவங்கதானே? எத்தனையோ கண்டுபிடிச்சீங்களே, இதையும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இந்த ஒரு வரி யாரோடது?”

மேடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எதையும் ஒரு கேள்வி கேட்டுத்தான் ஆரம்பிப்பார், அன்று கேட்கவில்லை. டீச்சரின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றார்.

ஜோசப்பின் தலையை ஆட்டினார். எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். நடந்தால் கவிதை வரும் அந்த வாயை இறுக்கி மூடியிருந்தார். பிரின்ஸி பின்னாலேயே ஓடினாள்.